நாடகக் கோர்ட்டும் நாட்டுக் கோர்ட்டும்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் ஒரு நாடகத்தைப் பற்றியதாகும். நாடகம் என்றவுடன் பாட்டும் கூத்துமாகப் பொழுது போக்கலாம் என்று யாராவது நினைத்து வந்திருந்தால் அவர்கள் ஏமாந்து போவார்கள். இந்த நாடகத்தில் பாட்டுக் கிடையாது. இராஜா ராணி கிடையாது. ஆகாயத்திலிருந்து இறங்கி வரும் கடவுளும் கிடையாது. ஒரு கோர்ட்டும், ஒரு பெண்ணும், அவள் சொல்லும் ஒரு பிராதும்தான் உண்டு. ஒருவன் தன்னைப் பலாத்காரம் செய்தான் என்கிறாள் அவள். அவள் சம்மதத்தின் பேரில்தான் நடந்தது என்கிறான் அவன். பார்த்த சாட்சி எவருமில்லை. இந்த நிலைமையில் நியாயம் எப்படி வழங்குவது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி சீமைக்காரர்களின் கேள்வி, நமக்கென்ன என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் எழுதிய சாட்சியச் சட்டத்தைத்தான் நாம் நூற்றைம்பது வருஷ காலம் தலையில் சுமந்து வந்தோம். அன்றியும், பகுத்தறிவுக்காரர்கள் என்று சொல்லிக் கொள்ளும் நமக்கு இதில் ஒரு தனிச் சங்கடமும் இருக்கிறது. எவர் சொன்னாலும் ருசு இல்லாமல் நம்பாதே என்பது நமது கொள்கை. பெண் மக்களின் உரிமைக்குப் பாடுபடுவதும் நமது கொள்கை. சாட்சியில்லாத அறையில் நடந்த கொடுமையைப் பற்றி ஒரு பெண் வாய் திறந்து சொல்லும்போது, இந்த இரண்டு கொள்கைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்பதைச் சற்று நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நாடகத்தின் கதையைச் சொல்லிவிடுகிறோம். நாடகத்தின் பெயர் "பிரைமா ஃபேசி" என்பதாகும். கோர்ட்டுக்குப் போய்ப் பழகினவர்களுக்கு இந்த லத்தீன் வார்த்தை தெரிந்திருக்கும். மேலெழுந்தவாரியாகப் பார்த்த அளவில் வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறது என்பது அதன் பொருள். இதை எழுதியவர் சூசி மில்லர் என்ற ஆஸ்திரேலிய அம்மையார். இவர் வக்கீல் தொழில் பார்த்தவர். நாடகம் முதலில் 2019-ல் சிட்னி நகரில் நடந்தது. பிறகு 2022-ல் லண்டனிலும், 2023-ல் நியூயார்க்கிலும் நடந்தது. மேடையில் தோன்றுவது ஒரே ஒரு நடிகைதான். லண்டனிலும் நியூயார்க்கிலும் நடித்த ஜோடி கோமர் என்பவருக்கு இரண்டு ஊர்களிலும் சிறந்த நடிகைக்கான பரிசு கிடைத்தது. நாடகம் படமாகவும் பிடிக்கப்பட்டுப் பல தேசங்களில் சினிமாக் கொட்டகைகளில் காட்டப்பட்டது.

கதாநாயகி டெஸா என்பவள் ஒரு பாரிஸ்டர். ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் சட்டம் படித்து, பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குச் சமமாகத் தன் கெட்டிக்காரத்தனத்தினாலேயே முன்னுக்கு வந்தவள். அவள் எதிரித் தரப்பு வக்கீல். பெண்களைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகவும் ஆஜராகி, பிராது கொடுத்த பெண்களைக் குறுக்கு விசாரணை செய்து, அவர்கள் வாக்குமூலத்தில் ஓட்டை கண்டுபிடித்து, தன் கட்சிக்காரரை விடுதலை செய்வித்து வருகிறாள். அதில் அவளுக்குக் கூச்சம் இல்லை. "உண்மை எது என்று கண்டுபிடிப்பது என் வேலையல்ல, சர்க்கார் தரப்பு ருசுப்படுத்தியிருக்கிறதா என்று சோதிப்பதுதான் என் வேலை" என்பது அவள் நியாயம். நாடகாசிரியர் அவளை அயோக்கியையாகக் காட்டவில்லை. சட்டத்தை மனப்பூர்வமாக நம்புகிறவளாகத்தான் காட்டுகிறார்.

இப்படிப்பட்டவளுக்கே ஒரு நாள் அது நேருகிறது. அவளோடு தொழில் பார்க்கும் ஜூலியன் என்ற மற்றொரு பாரிஸ்டரோடு அவளுக்குச் சிநேகம் ஏற்படுகிறது. ஓர் இரவு இருவரும் சாப்பிட்டுக் குடித்துவிட்டு அவள் வீட்டுக்கு வருகிறார்கள். முதலில் அவள் சம்மதத்தோடுதான் எல்லாம் நடக்கிறது. பிறகு அவளுக்கு உடம்புக்கு முடியாமல் வாந்தி எடுத்துப் படுத்துவிடுகிறாள். அந்த நிலைமையில், வேண்டாம் என்று அவள் சொல்லியும் கேளாமல், வாயைப் பொத்தி அவளைப் பலாத்காரம் செய்கிறான். அவள் எழுந்து குளித்துவிடுகிறாள். குளித்ததால் தடயம் போய்விட்டது என்பதும், குடித்திருந்தது, முன்பே சம்மதித்தது, அவனைத் தானே வீட்டுக்கு அழைத்து வந்தது எல்லாம் தனக்கு விரோதமாகத் திரும்பும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவளே எத்தனையோ பெண்களிடம் கேட்ட கேள்விகள்தானே! தெரிந்தும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பிராது கொடுக்கிறாள்.

வழக்கு கோர்ட்டுக்கு வர 782 நாட்கள் ஆகின்றன. கூண்டில் நிற்கும் அவளிடம் எதிரித் தரப்பு வக்கீல், அவன் கை எங்கே இருந்தது, வாயைப் பொத்தியிருந்தால் கையைப் பிடித்தது எப்படி, போலீசில் ஒரு மாதிரியும் இங்கே ஒரு மாதிரியும் சொல்லுவானேன் என்று கேட்கிறார். அவள் தடுமாறுகிறாள். ஜூரிகளை வெளியே அனுப்பிவிட்டுச் சட்ட விவாதம் நடக்கும் சமயத்தில், அவள் நீதிபதி முன் வாய் திறந்து, இந்தச் சட்டம் தலைமுறை தலைமுறையாக ஆண்களால் ஆண்களின் கண்கொண்டு செய்யப்பட்டது என்றும், பயங்கரத்துக்குள்ளான மனுஷியின் ஞாபகம் கணக்குப் புஸ்தகம் போல வரிசையாக இராது என்றும் சொல்லுகிறாள். கடைசியில் தீர்ப்பு வருகிறது. எதிரி குற்றவாளியல்ல என்று ஜூரிகள் விடுதலை செய்துவிடுகிறார்கள். இதுதான் கதை.

தோழர்களே! இந்தக் கதைக்கு ஓர் ஆட்சேபணை சொல்லப்படுகிறது. அந்த ஆட்சேபணை அற்பமானதல்ல. "மேடையில் பெண் மட்டும்தானே பேசுகிறாள், ஆணின் கட்சியைக் காட்டவேயில்லையே? நடந்ததை ஆசிரியர் நமக்குக் காட்டிவிட்டதனால் நாம் உண்மை தெரிந்தவர்களாக உட்கார்ந்திருக்கிறோம். ஜூரிகள் அந்த அறைக்குள் இருந்தார்களா? சந்தேகம் இருந்தால் எதிரியை விட்டுவிட வேண்டும் என்பது நல்ல விதிதானே? அதை விட்டுவிட்டால் யாரும் யார் மேலும் பழி போட்டு ஜெயிலுக்கு அனுப்பிவிடலாமே?" என்று கேட்கிறார்கள்.

இதற்குப் பதில் சொல்லாமல் நழுவுவது நமக்கு அழகல்ல. ஆகையால் இந்த ஆட்சேபணைக்காரர்களுக்குத் துணையாக இன்னொரு நாடகத்தையும் நாமே எடுத்துக் காட்டுகிறோம். 1934-ல் நியூயார்க்கில் "தே ஷல் நாட் டை", அதாவது "அவர்கள் சாகக் கூடாது" என்று ஒரு நாடகம் நடந்தது. எழுதியவர் ஜான் வெக்ஸ்லி. அதுவும் கோர்ட்டு நாடகம்தான். அதுவும் பலாத்கார வழக்குதான். பெயர்களை மாற்றி எழுதியிருந்தாரே ஒழிய, அது நடந்த கதை.

1931-ம் வருஷம் மார்ச்சு மாதம் அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில், சரக்கு ரயிலில் ஏறி வேலை தேடிப் போன கறுப்பு ஜாதிச் சிறுவர்களும் வாலிபர்களுமாக ஒன்பது பேர் பிடிபட்டார்கள். அதே ரயிலில் வந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், ஏழைப் பஞ்சாலைத் தொழிலாளிகள், தங்களை இவர்கள் பலாத்காரம் செய்ததாகச் சொன்னார்கள். சில வாரங்களுக்குள் ஸ்காட்ஸ்பரோ என்ற ஊரில் விசாரணை முடிந்து, வெள்ளைக்கார ஆண்களே அடங்கிய ஜூரிகளால் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சரியான வக்கீல் வைத்துக் கொடுக்கவில்லை என்று 1932-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அவர்களில் ஏழு பேரின் தண்டனைகளை ரத்துச் செய்தது. 1933-ல் மறு விசாரணை நடந்தபோது, அந்த இரண்டு பெண்களில் ஒருவரே கூண்டேறி, தாங்கள் சொன்னது பொய், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சாட்சி சொன்னார். அப்படியும் ஜூரிகள் குற்றவாளி என்றே தீர்ப்புச் சொன்னார்கள்! வைத்திய சாட்சியம் பிராதுக்குப் பொருந்தவில்லை என்று கண்டு அந்தத் தீர்ப்பைத் தள்ளிய ஹார்ட்டன் என்ற நீதிபதி, அடுத்த வருஷத் தேர்தலில் தோற்று நீதிபதிப் பதவியை இழந்தார். அந்த ஒன்பது பேரில் கடைசி மூவருக்கு அலபாமா சர்க்கார் மன்னிப்புக் கொடுத்தது 2013-ல். அப்போது அவர்களில் ஒருவரும் உயிரோடில்லை.

இப்போது இரண்டு நாடகங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பெண் சொன்னது உண்மை, கோர்ட்டு நம்பவில்லை. மற்றொன்றில் பெண் சொன்னது பொய், கோர்ட்டு நம்பிவிட்டது. அவள் பொய் என்று சொன்ன பிறகும் நம்பியது. சுயமரியாதைக்காரன் இவற்றில் எந்தக் கட்சியில் சேருவது?

மேலுக்குப் பார்த்தால் ஒன்றுக்கொன்று விரோதமாகத் தோன்றும். உள்ளே பார்த்தால் இரண்டு கோர்ட்டும் செய்த தப்பு ஒன்றேதான். இரண்டு கோர்ட்டும் "என்ன சொல்லப்பட்டது, அதற்கு என்ன ருசு" என்று பார்க்கவில்லை. "யார் சொன்னது, யார் மேல் சொன்னது" என்று பார்த்தன. அலபாமாவில் குற்றம் சாட்டப்பட்டவன் கறுப்பன்; ஆகையால் ருசு வேண்டியதில்லை. லண்டன் நாடகத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் படித்த, பெரிய இடத்து ஆண். ஆகையால் எந்த ருசுவும் போதவில்லை. அலபாமாவிலும் அந்த ஏழைப் பெண்களின் மேலுள்ள மரியாதையினால் ஜூரிகள் நம்பினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மரியாதையிருந்தால், அதில் ஒருத்தி பொய் என்று சொன்னபோது அதையும் நம்பியிருக்க வேண்டுமே! பெண்ணின் வாக்கு எஜமான ஜாதிக்கு உபயோகப்படும்போது வேதவாக்கு, உபயோகப்படாதபோது வெறும் வாக்கு. அவ்வளவுதான்.

இது நமக்குப் புதிய சங்கதியா? மனுதர்ம சாஸ்திரத்தின் எட்டாம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். ஆசையற்ற ஒரு ஆண் சாட்சியாயிருக்கலாம், பரிசுத்தமான பல பெண்கள் கூடிச் சொன்னாலும் ஆகாது, ஏனெனில் பெண் புத்தி நிலையில்லாதது என்பதாக 77-வது சுலோகம் சொல்லுகிறது. சாட்சி சொல்லுகிறவன் எந்த ஜாதி என்று பார்த்து அவனுக்குச் சத்தியப் பிரமாணத்தையும் வேறு வேறாக வைத்திருக்கிறது. ருசுவைப் பார்க்காமல் ஆளைப் பார்ப்பதுதான் மனுதர்மம். அது சமஸ்கிருதத்தில் இருந்தாலென்ன, இங்கிலீஷில் இருந்தாலென்ன?

இங்கிலீஷில் இருந்த மனுவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 17-வது நூற்றாண்டில் மாத்யூ ஹேல் என்று இங்கிலாந்தில் ஒரு பெரிய நீதிபதி இருந்தார். அவர் எழுதி, அவர் செத்து அறுபது வருஷங்களுக்குப் பின் 1736-ல் அச்சான புஸ்தகத்தில் இரண்டு விதிகளைச் சொன்னார். பலாத்காரப் பிராது கொடுப்பது சுலபம், ருசுப்படுத்துவது கஷ்டம், குற்றமற்றவன் தப்புவதோ அதைவிடக் கஷ்டம் என்பது ஒன்று. புருஷன் தன் பெண்சாதியைப் பலாத்காரம் செய்தான் என்ற குற்றமே இருக்க முடியாது, கலியாணத்தின்போதே அவள் தன்னை ஒப்படைத்துவிட்டாள் என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் இருநூறு முந்நூறு வருஷ காலம் இங்கிலீஷ் கோர்ட்டுகள் வேதம்போல் ஒப்பித்து வந்தன. இவ்வகை வழக்கில் பெண்ணின் சாட்சியத்தை வேறு ருசு இல்லாமல் நம்புவது ஆபத்து என்று ஜூரிகளுக்கு எச்சரிக்கை செய்தாக வேண்டும் என்ற விதி 1994 வரையில் அந்த நாட்டில் இருந்தது. புருஷனுக்கு விதிவிலக்கு இல்லை என்று அங்கே பிரபுக்கள் சபைக் கோர்ட்டு சொன்னது 1991-ல்தான்.

பெண்ணின் வாக்கை இவ்வளவு ஜாக்கிரதையாகச் சோதிக்கச் சொன்ன இந்த ஹேல், தாம் நீதி வழங்கிய ஸ்தானத்தில் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார் தெரியுமா? 1662-ல் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊரில் இரண்டு ஏழை விதவைகள் சூனியக்காரிகள் என்று அவர் முன் கொண்டுவரப்பட்டார்கள். குழந்தைகளுக்குச் சூனியம் வைத்து வலிப்பு வரச் செய்தார்கள் என்பது குற்றம். அந்த விதவை தொட்டால் குழந்தை துள்ளுகிறது என்றார்கள். கோர்ட்டிலேயே சிலர் ஒரு பரீட்சை செய்தார்கள். குழந்தையின் கண்ணை மறைத்துவிட்டு வேறொருத்தியைத் தொடச் சொன்னார்கள். அதற்கும் குழந்தை அதே மாதிரி துள்ளியது! இது வெறும் பாசாங்கு என்று பரீட்சித்த கனவான்களே சொல்லிவிட்டார்கள். அப்படியிருந்தும் சூனியக்காரிகள் உண்டு என்பதில் சந்தேகமில்லை, வேதமே சொல்லுகிறது என்று ஹேல் ஜூரிகளுக்கு எடுத்துச் சொன்னார். இரண்டு கிழவிகளும் தூக்கிலிடப்பட்டார்கள்.

பார்த்தீர்களா தோழர்களே! சூனியம் என்ற இல்லாத குற்றத்துக்கு, பரீட்சையில் பொய்யென்று வெளியான சாட்சியத்தின் பேரில் இரண்டு பெண்களைத் தூக்கில் போடச் சம்மதித்த புத்தி, பலாத்காரம் என்ற இருக்கும் குற்றத்தைப் பெண் சொன்னால் ஜாக்கிரதை, ஜாக்கிரதை என்கிறது. இது பகுத்தறிவின் சந்தேகமா? பகுத்தறிவின் சந்தேகம் என்பது எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பது. ஒருவன் சொன்னால் நம்புவது, ஒருத்தி சொன்னால் சந்தேகிப்பது என்பது சந்தேகமே அல்ல. அதுவும் ஒரு நம்பிக்கை, மூடநம்பிக்கை. ஆகவே நமது இரண்டு கொள்கைகளும் மோதிக் கொள்ளுகின்றன என்று முதலில் தோன்றியதே, அது மோதல் அல்ல. ருசு கேள் என்பதும் பெண்ணுக்குச் சமநீதி கொடு என்பதும் ஒரே கொள்கையின் இரண்டு பக்கங்களேயாகும்.

இனி, எது ருசு, எது ருசுவல்ல என்பதற்கு வருவோம். இங்கேதான் மூடநம்பிக்கை ஒளிந்து கொண்டிருக்கிறது. உண்மையாக நடந்திருந்தால் கூச்சல் போட்டிருப்பாள் என்கிறார்கள். உடம்பில் காயம் இருந்திருக்கும் என்கிறார்கள். உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள் என்கிறார்கள். நடந்ததை வரிசை தப்பாமல் ஒப்பித்திருப்பாள் என்கிறார்கள். இவையெல்லாம் யார் பரீட்சித்துப் பார்த்துச் சொன்னவை? ஒருவரும் இல்லை. பயத்தில் மனித உடம்பு மரத்துப்போய், கை கால் அசையாமல், குரல் எழும்பாமல் போவதுண்டு என்று மனோதத்துவ சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். பேராபத்தில் சிக்கியவர்களுக்கு ஒரு விஷயம் கல்வெட்டுப் போலப் பதிந்தும், பக்கத்தில் நடந்த மற்ற விஷயங்கள் கலைந்தும் போவதுண்டு என்றும் கண்டிருக்கிறார்கள். ஊரில் தீப்பிடித்தபோது வீட்டை விட்டு ஓடினவனிடம் போய், முதலில் வலது காலை வைத்தாயா இடது காலை வைத்தாயா என்று கேட்டு, அவன் முழித்தால் தீயே பிடிக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லுவோமா?

இதனால் பெண் சொல்லுவதெல்லாம் உண்மை என்று நாம் சொல்லவில்லை. குறுக்கு விசாரணையே கூடாது என்றும் சொல்லவில்லை. ஸ்காட்ஸ்பரோவில் நல்ல குறுக்கு விசாரணை செய்ய ஆளில்லாததனால்தானே எட்டு உயிர்கள் மரண தண்டனை வரை போயின! சந்தேகம் தீர ருசுப்படுத்த வேண்டும் என்ற விதி ஏழைக்கும், கீழ் ஜாதி என்று ஒதுக்கப்பட்டவனுக்கும் இருக்கிற ஒரே கேடயம். அதை நாம் கைவிடக் கூடாது. நாம் சொல்லுவதெல்லாம், கேள்வி வழக்கைப் பற்றியதாக இருக்கட்டும், பெண்ணின் நடத்தையைப் பற்றியதாக இருக்க வேண்டாம் என்பதுதான். நேற்று சம்மதித்தவள் இன்று மறுக்கக் கூடாதா? நேற்று கடன் கொடுத்தவன் வீட்டில் இன்று புகுந்து பெட்டியை உடைத்தால், "நேற்றுக் கொடுத்தானே" என்பது திருடனுக்கு ஜவாபாகுமா?

நம் நாட்டுச் சங்கதியைக் கேளுங்கள். 1872-ல் ஸ்டீபன் என்ற வெள்ளைக்காரர் நமக்கு எழுதிக் கொடுத்த சாட்சியச் சட்டத்தில், பலாத்கார வழக்கில் பிராது கொடுத்தவள் பொதுவாக ஒழுக்கங்கெட்டவள் என்று எதிரி காட்டலாம் என ஒரு பிரிவு இருந்தது. வெள்ளைக்காரன் போய் 55 வருஷம் ஆன பிறகு, 2002-ம் வருஷத்துத் திருத்தச் சட்டத்தினால்தான் அது நீக்கப்பட்டது. 1972-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே ஆதிவாசிச் சிறு பெண் ஒருத்தி பலாத்காரம் செய்யப்பட்டதாக வந்த வழக்கில், உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போட்டதாகத் தெரியவில்லை என்று காரணம் காட்டி இரண்டு போலீஸ்காரர்களையும் 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு விடுதலை செய்தது. நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979-ல் பிரதம நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, பெண்கள் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்த பிறகுதான் 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. பெண்ணின் உடம்பில் விரலை விட்டு அவள் பழக்கப்பட்டவளா என்று பார்க்கும் "இரு விரல் சோதனை" என்ற அநாகரிகத்தை 2013-ல் கண்டித்த சுப்ரீம் கோர்ட்டு, 2022-ல் மறுபடியும் கண்டிக்க வேண்டியிருந்தது என்றால், ஒரு தடவை சொன்னது டாக்டர்கள் காதில் ஏறவில்லை என்றுதானே அர்த்தம்?

நாடகத்தில் 782 நாட்கள் காத்திருந்ததைப் பார்த்துச் சீமையில் ஜனங்கள் பதறுகிறார்கள். நமது தர்மபுரி ஜில்லா வாச்சாத்தி கிராமத்தில் 1992-ம் வருஷம் ஜூன் 20-ந் தேதி வனத்துறையும் போலீசும் ரெவின்யூவும் சேர்ந்து புகுந்து, 18 மலைஜாதிப் பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். தீர்ப்பு வந்தது 2011-ல். அதாவது 19 வருஷம். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் 54 பேர் செத்தே போனார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை ஆயிற்று. அதைச் சென்னை ஹைக்கோர்ட்டு உறுதி செய்தது 2023-ல். அந்தப் பெண்கள் படித்தவர்களல்ல, கேம்பிரிட்ஜ் போனவர்களல்ல. 19 வருஷம் சொன்னதையே சொல்லி நின்றார்கள். அந்த மன உறுதிக்கு எந்த வீரத்தை ஈடு சொல்லுவது!

புருஷன் விஷயமோ இன்னும் வேடிக்கை. ஹேல் எழுதிவைத்த விதியை ஹேலின் நாடே 1991-ல் குப்பையில் போட்டுவிட்டது. 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்த நமது புதிய தண்டனைச் சட்டத்தில், வெள்ளைக்காரன் அடையாளத்தையெல்லாம் துடைத்துவிட்டதாகப் பெருமை பேசிக் கொண்டே, 18 வயதுக்கு மேற்பட்ட பெண்சாதியைப் புருஷன் பலாத்காரம் செய்தால் அது அந்தக் குற்றமாகாது என்ற வெள்ளைக்காரன் விதியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். ஏன்? அந்த இடத்தில் வெள்ளைக்காரன் சொன்னதும் மனு சொன்னதும் ஒன்றாயிருப்பதனால்தான்.

நமது பாஷையைப் பாருங்கள். இந்தக் குற்றத்துக்கு நாம் வைத்திருந்த வார்த்தை என்ன? "கற்பழித்தல்." அடித்தவன் பேரால் அடி, திருடினவன் பேரால் திருட்டு. இதற்கு மாத்திரம், செய்தவனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பட்டவளிடமிருந்து ஏதோ அழிந்து போயிற்று, இனி அவள் அழிந்தவள் என்று வார்த்தையே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது! கற்பு என்பது பெண்ணுக்கு மாத்திரம் பூட்டிய விலங்கு என்று பெரியார் "பெண் ஏன் அடிமையானாள்?" என்ற புஸ்தகத்தில் விளக்கியிருப்பது இதைத்தான். பெண்ணின் உடம்பில் குடும்பத்தின் மானத்தையும் ஜாதியின் மானத்தையும் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிறகு அவள் பிராது கொடுத்தால் மானம் போச்சு என்று வாயைப் பொத்துகிறோம். நாடகத்தில் ஜூலியன் ஒரு தடவை பொத்தினான். நம் வீடுகளில் தாய் தகப்பனே ஆயுள் முழுவதும் பொத்துகிறார்கள்.

நம் நாட்டுக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்திலும் ஒரு கோர்ட்டு நாடகம் உண்டு. துரோபதையைச் சபைக்கு இழுத்து வருகிறார்கள். அவள் அழுது கொண்டிருக்கவில்லை. ஒரு சட்டக் கேள்வி கேட்கிறாள். தன்னைத் தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்கிறாள். விதுரன், விகர்ணன் என்ற இருவர் எடுத்துச் சொல்லியும், பீஷ்மர் முதலான பெரியவர்கள் தர்மம் மிகவும் சூட்சுமமானது என்று சொல்லித் தலையைக் குனிந்து கொள்ளுகிறார்கள். கேள்விக்குத் தீர்ப்பு வருவதற்கு முன் சேலையில் கை வைத்தாகிறது. அப்புறம் கடவுள் சேலை கொடுத்தார் என்று சொல்லிக் கற்பூரம் கொளுத்துகிறார்கள். ஜனங்களும் கன்னத்தில் போட்டுக் கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவள் கேட்ட கேள்வியோ இன்னமும் பதிலில்லாமல் நிற்கிறது.

சூசி மில்லரின் நாடகத்தில் சேலை கொடுக்க யாரும் வரவில்லை. அதனால்தான் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சும்மாயிருக்க முடியவில்லை. இங்கிலாந்தில் அந்தக் கதாநாயகியின் பெயரையே வைத்து, பலாத்கார வழக்கு விசாரணை முறையைச் சீர்திருத்த பாரிஸ்டர்களே ஒரு கோஷ்டி சேர்ந்தார்கள். கண்ணைத் துடைத்து அனுப்பும் நாடகத்தைவிடக் கண்ணைத் திறந்து அனுப்பும் நாடகமே நமக்கு வேண்டும். நமது இயக்கம் மேடை நாடகத்தைக் கையாண்டதும் இதற்காகவேயாகும்.

ஆகவே தோழர்களே, நாம் செய்ய வேண்டியது என்ன? பிராது கொடுத்தவளின் வாக்குமூலத்தை ஞாபகம் கலையுமுன் ஒரு தடவை நன்றாகப் பதிவு செய்து கொண்டு, பத்து இடத்தில் பத்துத் தடவை சொல்லச் செய்து பிறகு வித்தியாசம் கண்டுபிடிக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். வருஷக் கணக்கில் இழுக்காமல் வழக்கை முடிக்க வேண்டும். பெண்கள் ஏராளமாகப் போலீசிலும், வக்கீல் தொழிலிலும், நீதிபதி ஸ்தானத்திலும் வர வேண்டும். ஏழை எதிரிக்கும் யோக்கியமான வக்கீல் கிடைக்க வேண்டும். பெண்சாதி புருஷனின் சொத்து என்ற விதி சட்டத்திலிருந்து போக வேண்டும். இவை சர்க்கார் செய்ய வேண்டியவை. செய்யும்படி நாம் கிளர்ச்சி செய்ய வேண்டியவை.

சர்க்காரைக் கேட்காமல் நாமே இன்றைக்கே செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. ஜூரிகள் என்பவர்கள் ஆகாயத்திலிருந்து குதித்தவர்கள் அல்ல. நம் நாட்டில் ஜூரி முறை போய்விட்டாலும், ஒவ்வொரு தெருத் திண்ணையும் ஒரு ஜூரி சபைதான். "அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை?" என்று தீர்ப்புச் சொல்லாத திண்ணை எந்த ஊரில் இருக்கிறது? அடுத்த தடவை அந்தக் கேள்வி காதில் விழும்போது, "அவனுக்கு அங்கே என்ன வேலை?" என்று திருப்பிக் கேளுங்கள். பெண்ணுக்குப் பயந்து நட என்று சொல்லிக் கொடுக்கும் தாய்மார்கள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்று பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். அப்படி வளர்ந்த பிள்ளைகள் நாளைக்குப் போலீஸ்காரராகவும், வக்கீலாகவும், நீதிபதியாகவும் உட்காரும்போது, ருசுவைப் பார்ப்பார்கள். ஆளைப் பார்க்க மாட்டார்கள். அந்த நிலைமை வரும் வரையில் இவ்விஷயத்தை ஊர் ஊராகப் பேசி வர வேண்டியது நமது கடமையாகும்.